பெயர் பிறப்பைச் சொல்வதில்லை: ஸ்பானிய வெள்ளைத் திராட்சைகளும் பெங்களூர் நீலமும்

2013-ஆம் ஆண்டில் 'பாங்களூர் புளூ' திராட்சை இந்தியப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மறு ஆண்டு, 2014 நவம்பர் 1 அன்று, நகரின் அலுவல்முறைப் பெயர் 'பெங்களூரு' என மாறியது. ஊரின் பெயர் மாறிற்று. பழத்தின் பெயர் மாறவில்லை. ஊரே கைவிட்ட ஓர் எழுத்து வடிவத்தை அவ்வூரின் பெயரால் வழங்கும் பழம் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு சிறிய வேடிக்கையாகக் கருதி நாம் கடந்துவிடலாம். ஆனால் இதன் அடியில் விரிவாக விவாதிக்கத்தக்க ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு திராட்சை வகையின் பெயர் எதைச் சொல்கிறது? அது பிறந்த இடத்தையா, வளரும் இடத்தையா, அதைத் தன்னுடையதென்று சொல்லும் மக்களையா?

இக்கேள்விக்கு விடை தேட ஸ்பெயினின் வெள்ளை ஒயின் திராட்சைகள் மிகப் பொருத்தமான ஒப்பீட்டுக் களம். அல்பாரிஞோ, வெர்தெஹோ, பெத்ரோ ஹிமெனெஸ், மகபேயோ, ஐரேன் முதலிய அப்பெயர்கள் பழமையானவை; ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு கதை வளர்ந்திருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் மரபணு ஆய்வு அக்கதைகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. பெயர் சொல்லும் வரலாறும் கொடி சொல்லும் வரலாறும் எங்கே பிரிகின்றன என்பதை அங்கே தெளிவாகக் காணலாம். அந்தத் தெளிவோடு நந்தி மலை அடிவாரத்துத் தோட்டங்களுக்குத் திரும்பினால், நம் பழத்தைப் பற்றி நாம் சொல்லிவரும் சிலவற்றை மாற்றிச் சொல்லவேண்டியிருக்கும்.

முதலில் தமிழ்ச் சொற்கள். திராட்சையைப் பொறுத்தவரை நமக்கு முதலில் வந்தது குடிவகை. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாடல் குறிப்பிடுகிறது. 1945-இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசில்லுகள் கிடைத்தன. கலமும் தேறலும் கரையேறின. கொடி உடன் வந்ததாகத் தெரியவில்லை. நாம் இன்று வழங்கும் 'திராட்சை' வடமொழி 'த்ராக்ஷா'வின் தமிழ் வடிவம். கன்னடத்தின் 'த்ராக்ஷி'யும் அதே மூலத்தது.

'முந்திரி'யின் கதை இதைவிடச் சுவையானது. மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சை. யாழ்ப்பாணத் தமிழிலும் முந்திரிகை என்பது திராட்சையே. முந்திரிகைத் தோட்டம் என்றால் அங்கே பந்தலும் கொடியும்தான் கண்முன் நிற்கும். தமிழ்நாட்டிலோ முந்திரி என்றதும் நினைவுக்கு வருவது பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியே வந்த ஒரு மரத்தின் கொட்டை. அம்மரம் அப்பெயரைப் பற்றிக்கொண்டபின் பழைய பொருளைக் குறிக்க 'கொடிமுந்திரி' என்று அடைமொழி சேர்க்கவேண்டியதாயிற்று. வந்தேறிய மரம் பெயருக்கு உரியதாகிவிட, பெயருக்கு முன்பு உரியதாயிருந்த கொடி தன்னை வேறுபடுத்திச் சொல்லிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஒரே சொல் பாக் நீரிணைக்கு இக்கரையில் கொட்டையாகவும் அக்கரையில் கனியாகவும் நிற்பதற்குக் காரணம் இதுதான். பெயர்கள் பொருளைவிட்டுப் பொருள் தாவும் என்பதற்கு நம் வீட்டுச் சான்று இது.

திராட்சை வகைகளின் பெயர்கள் இத்தனை எளிதாக இடம் மாறுவதற்குத் தாவரவியல் காரணமும் உண்டு. திராட்சையை விதையிலிருந்து வளர்த்தால் தாய்க்கொடியை ஒத்த கொடி கிடைக்காது. ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலவை. எனவே ஒரு வகையைக் காக்க விரும்பும் உழவர் தண்டுத் துண்டை வெட்டி நடுகிறார், பதியன் போடுகிறார், அல்லது ஒட்டுக் கட்டுகிறார். அவ்வாறு பெருகும் கொடிகள் அனைத்தும், நூற்றாண்டுகள் கடந்தாலும், ஒரே செடியின் நீட்சியே. ஆனால் வெட்டிய தண்டில் பெயர் எழுதப்பட்டிருப்பதில்லை. கொடுப்பவர் வாய்மொழியாகச் சொல்வதை வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்கிறார். இலையுதிர்ந்த பருவத்தில் வெட்டிய குச்சிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கொடி பிழையின்றிப் படியெடுக்கப்படுகிறது. பெயரோ ஏட்டுச்சுவடியைப் போல, படியெடுப்பவரின் செவிக்கும் நாவுக்கும் ஏற்பத் திரிகிறது. பாடபேத ஆய்வில் பழகியவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று.

1990-களில்தான் இந்த இரண்டு வரலாறுகளையும் பிரித்துப் பார்க்கும் வழி கிடைத்தது. 1997-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், புகழ்பெற்ற கருந்திராட்சையான காபர்னே சாவிஞோனின் பெற்றோர் காபர்னே ஃப்ராங்கும் சாவிஞோன் பிளாங்கும் என்று மரபணுக் குறிகளால் நிறுவப்பட்டது. அதன்பின் ஸ்பெயினின் வகைகளும் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன.

ஸ்பானியப் பெயர்களில் ஒரு பகுதி நிறத்தால் அமைந்தவை. வெர்தெஹோவில் பச்சையைக் குறிக்கும் 'வெர்தே' இருக்கிறது. அல்பாரிஞோவில் வெண்மையைக் குறிக்கும் லத்தீன் 'அல்புஸ்' வழிவந்த அடிச்சொல் இருக்கிறது. நம் ஊர் 'பச்சைத் திராட்சை'யும் இதே முறையில் பிறந்த பெயர். தோட்டக்கலை நூல்களில் அது 'பச்சதிராட்ச' என்ற உருவில் ஒரு வகையின் பெயராகவே பதிவாகி, மராட்டிய நாட்டின் 'போக்ரி'க்கு மறுபெயராகக் காட்டப்படுகிறது. இன்னொரு பகுதி ஆட்பெயர்கள். ஹெரஸ் நகரைச் சூழ்ந்த பகுதியில் ஷெர்ரி ஒயினுக்கு அடிப்படையான பலோமினோவை, 13-ஆம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னரிடம் பணியாற்றிய ஒரு வீரரின் பெயரோடு மரபு இணைக்கிறது.

கதை மிகுதியும் வளர்ந்தது பெத்ரோ ஹிமெனெஸைச் சுற்றித்தான். பெட்டர் சீமென்ஸ் என்னும் படைவீரர் ரைன் நதிக்கரையிலிருந்து ஒரு கொடியைத் தெற்கு ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார்; அவர் பெயர் ஸ்பானிய நாவில் பெத்ரோ ஹிமெனெஸ் ஆயிற்று; எனவே இது ஜெர்மனியின் ரீஸ்லிங் திராட்சையே என்பது கதை. அல்பாரிஞோவுக்கும் ஒரு ரைன் கதை உண்டு. பெயரை 'அல்பா', 'ரிஞோ' என இரண்டாகப் பிரித்து, 'ரைன் நதியின் வெள்ளை' என்று பொருள் கூறி, குளூனி மடத்துத் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டில் அதைக் கலீசியாவுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மரபணு ஆய்வு இவ்விரண்டையும் ஆதரிக்கவில்லை. மொழியியல் நோக்கில் இவை நாட்டார் சொற்பிறப்பின் தெளிவான எடுத்துக்காட்டுகள். ஸ்பானிய மொழியில் ரைன் நதியின் பெயர் 'ரின்'. அதிலிருந்து 'ரிஞோ' இயல்பாகப் பிறக்காது.

கதை பொய் என்று நிறுவியதோடு ஆய்வாளர் பணி முடிந்துவிடுவதில்லை; அது ஏன் பிறந்தது என்றும் கேட்கவேண்டும். இரண்டு கதைகளும் ஒரே நதியை நோக்கிப் போவது தற்செயல் அன்று. வெள்ளை ஒயினுக்கு ரைன் கரை நீண்டகாலம் உயர்குலமாகக் கருதப்பட்டது. உள்ளூர்க் கொடிக்குப் பெருமை சேர்க்க விரும்பியவர்கள் அதற்கு அயலூர்ப் பூர்வீகம் ஒன்றைப் புனைந்தார்கள். அரச குடிகளின் பூர்வீகத்தைத் தொலைதூரத்துப் புனித நதிக்கரைகளில் தேடிய நம் மெய்க்கீர்த்திகளையும் தலபுராணங்களையும் அறிந்தவர்களுக்கு இம்மனநிலை எளிதில் விளங்கும்.

உண்மையில் பெத்ரோ ஹிமெனெஸின் தாய் வீட்டருகிலேயே இருந்தாள். அவள் பெயர் எபேன். ஐபீரிய நிலத்தின் பழைய வெள்ளைத் திராட்சை அது. அதன் பூக்களில் மகரந்தம் செயல்படுவதில்லை. காய்க்கவேண்டுமானால் அருகில் வேறொரு கொடி பூத்திருக்கவேண்டும். அதனால் எபேன் எப்போதும் தாய். ஒருபோதும் தந்தையாக முடியாது. பல வகைகளைக் கலந்து நட்ட பழைய தோட்டங்களில் அண்டைக் கொடிகளின் மகரந்தத்தை ஏற்று அது விதைத்த பிள்ளைகள் பலர். பெத்ரோ ஹிமெனெஸ் அவர்களுள் ஒன்று. காத்தலோனியாவின் பொங்கும் ஒயினான காவாவுக்கு மரபாகப் பயன்படும் மூன்று திராட்சைகளுள் மகபேயோவும் ஷரெல்லோவும் அதன் பிள்ளைகளே. பிள்ளைகளின் பெயர்கள் உலகெங்கும் புட்டிகளில் அச்சாகின்றன. தாயின் பெயரை ஆய்வுக் கட்டுரைகளுக்கு வெளியே கேட்பது அரிது. இதேபோல ருவேதாவின் வெர்தெஹோவும் கலீசியாவின் கொதேயோவும் உடன்பிறப்புகள் என்பதும் ஆய்வில் வெளிப்பட்டது. சவாஞன், காஸ்தெயானா பிளாங்கா ஆகிய இரண்டும் இவற்றின் பெற்றோர். பெயர்களைக் கொண்டு எவரும் இந்த உறவை ஊகித்திருக்க இயலாது.

பெயரும் கொடியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் நிலைகள் இரண்டு. ஒரு கொடிக்குப் பல பெயர்கள் இருப்பது முதல் நிலை. காத்தலோனியாவில் மகபேயோ என வழங்குவது ரியோஹாவில் வியூரா. ஒரு பெயர் தவறான கொடியில் ஏறிக்கொள்வது இரண்டாம் நிலை. ஆஸ்திரேலியாவில் அல்பாரிஞோ என்று நம்பி நடப்பட்ட கொடிகள் உண்மையில் சவாஞன் என்று 2009-இல் உறுதியாயிற்று. தண்டுத் துண்டுகள் ஸ்பெயினிலிருந்தே அனுப்பப்பட்டவை. பெயர்ச்சீட்டு மட்டும் மாறியிருந்தது. கொடியும் மண்ணும் ஒயினும் அப்படியே இருக்க, பெயர் ஒன்றை மட்டும் மாற்றி உழவர்கள் தங்கள் சந்தையை மீண்டும் உருவாக்க நேர்ந்தது.

சட்டம் நுழையும்போது இச்சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. கலீசியாவில் 1980-இல் அளிக்கப்பட்ட சட்டப் பாதுகாப்பு 'அல்பாரிஞோ' என்னும் திராட்சையின் பெயராலேயே அமைந்திருந்தது. 1986-இல் ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்தில் சேர்ந்தது. திராட்சை வகையின் பெயரால் காப்புரிமைப் பகுதி அமைவதை அதன் விதிகள் ஏற்கவில்லை; இடத்தின் பெயரே வேண்டும் என்றன. 1988-இல் அப்பகுதி 'ரியாஸ் பைஷாஸ்' என்ற பெயரைப் பெற்றது. ரியா என்பது கடல்நீர் உள்புகுந்த கலீசியக் கழிமுகம். கொடியின் பெயர் எந்த மண்ணுக்கும் போகக்கூடும். இடத்தின் பெயர் இடம்பெயராது என்பது அவ்விதியின் உள்ளுறை.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே வகையைப் பெங்களூரில் 'குலாபி' என்பார்கள். ஐரோப்பிய நூல்களில் அதன் பெயர் ஹாம்பர்க் மஸ்கட். மூன்று பெயர்களும் மூக்கின் வழியே பிறந்தவை. மஸ்கட் கஸ்தூரியோடு தொடர்புடையது. குலாபி ரோஜாவைச் சொல்கிறது. பன்னீர் அந்த ரோஜாவிலிருந்து வடித்த நீரைச் சொல்கிறது. ஐரோப்பியர் நறுமணத்தை விலங்கிடம் தேட, கன்னடமும் தமிழும் மலரிடம் தேடின. கொடியுடன் வந்த அயற்பெயரை நம் மக்கள் மொழிபெயர்க்கவில்லை. பழத்தை முகர்ந்து புதிதாகப் பெயரிட்டார்கள்.

இந்தப் பன்னீர்த் திராட்சைக்கும் ஸ்பானிய வெள்ளை ஒயினுக்கும் இரத்த உறவே உண்டு. ஹாம்பர்க் மஸ்கட்டின் பெற்றோருள் ஒன்று அலெக்சாந்திரிய மஸ்கட் என்று மரபணு ஆய்வு காட்டியது. ஸ்பெயினில் அதன் பெயர் மொஸ்கதெல். மாலகாவின் இனிப்பு ஒயினும் உலர்திராட்சையும் அதிலிருந்து வருபவை. தேனி மாவட்டத்துப் பந்தலில் கருநீலமாகத் தொங்கும் கனிக்கு மாலகாவின் வெள்ளைத் திராட்சை பெற்றோருள் ஒன்று. தமிழில் இதற்கு எந்தத் தடயமும் இல்லை. அந்த நறுமணத்தில் மட்டும் இருக்கிறது.

மாலகாவின் பெயர் வேறொரு துயரத்தோடும் பிணைந்தது. ஐரோப்பியக் கொடிகளின் வேரை உறிஞ்சிக் கொன்ற ஃபிலாக்செரா என்னும் நுண்ணிய பூச்சி 1878-இல் ஸ்பெயினில் முதலில் கண்டறியப்பட்ட பகுதிகளுள் மாலகா முதன்மையானது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கொடிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்த பூச்சி அது. சாம்பல் நோயைத் தாங்கும் என்பதால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் அமெரிக்கக் கொடிகளை விரும்பி வரவழைத்தார்கள். நோய்க்கு மருந்தாக வந்தது பெருநோயைக் கொணர்ந்தது. இறுதியில் அமெரிக்க வேர்ச்செடிகளின் மேல் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுக் கட்டித்தான் அத்தோட்டங்கள் மீண்டன. இன்று ஸ்பெயினின் பெரும்பாலான வெள்ளைத் திராட்சைகள் அமெரிக்க வேரின்மேல் நிற்பவை.

அவ்வாறு கடல் கடந்த அமெரிக்கக் கொடிகளுள் பெயர்பெற்றது இசபெல்லா. அமெரிக்காவின் காட்டுத் திராட்சை இனமான லப்ரஸ்காவும் ஐரோப்பிய வினிஃபெராவும் கலந்து தோன்றியது அது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நாற்றுப்பண்ணை நடத்திய வில்லியம் பிரின்ஸ் 1816-இல் அதை வாங்கிப் பரப்பினார். இசபெல்லா கிப்ஸ் என்ற பெண்மணியின் நினைவாகப் பெயர் அமைந்தது. நாம் பெங்களூர் நீலம் என்று அழைக்கும் பழம் இந்த இசபெல்லாதான்.

இதே கொடிக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது வேறு. அதன் பழத்தில் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்னும் வேதிப்பொருள் தரும் அழுத்தமான வாசனை உண்டு. ஐரோப்பிய ஒயின் சுவைஞர்கள் அதை நரியோடு தொடர்புபடுத்தி இகழ்ந்தார்கள். 1934-இல் பிரான்ஸ் தடைசெய்த ஆறு கலப்பு வகைகளுள் இசபெல்லாவும் ஒன்று. பின்னர் வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகளும் ஒயினுக்கான வகைகளின் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. ஓரிடத்தில் சட்டம் விலக்கிய கொடி. இன்னோரிடத்தில் சட்டம் பெருமைக்குரியதென்று பதிவுசெய்த கொடி. இரண்டும் ஒன்றே.

பெங்களூருவில் அது வேரூன்றியதற்குக் காரணங்கள் வலுவானவை. குளிர்காலமில்லாத தென்கன்னட நாட்டில் திராட்சைக் கொடி உறங்குவதில்லை. உழவர் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து கொடியின் நாட்காட்டியைத் தாமே வகுக்கிறார். மழையும் ஈரமும் கலந்த மாதங்களில் அடிச்சாம்பல் நோயும் பறவைக்கண் நோயும் ஐரோப்பிய வகைகளை வாட்டும். காட்டுக்கொடியின் வழிவந்த இசபெல்லா பறவைக்கண் நோயை எளிதில் தாங்குகிறது. மருந்துச் செலவு குறைவு, விளைச்சல் உறுதி. பெங்களூரு ஊரகம், சிக்கபள்ளாபூர், கோலார் மாவட்டங்களில் சிறு உழவர்களின் பந்தல்களில் அது நிலைத்தது இப்படித்தான். ஐரோப்பியர் முகம் சுளித்த அதே வாசனை இங்கே பழச்சாற்றின் அடையாளமாயிற்று. தண்டுப் பகுதியின் ஆங்கிலோ இந்திய, தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் கிறிஸ்துமஸுக்குச் சீனிச்சாடியில் ஊறவைக்கும் வீட்டு ஒயினுக்கு அதுவே உகந்த பழமாயிற்று.

உழைப்பாளித் திராட்சைக்குப் பெருமை வாய்ப்பதில்லை என்பதற்கு ஸ்பெயினிலும் சான்று உண்டு. லா மஞ்சாவின் வறண்ட சமவெளியில் விரிந்துகிடக்கும் ஐரேன் 2015-இல் சுமார் 2,18,000 ஹெக்டேரில் பயிரிடப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் பரப்பளவில் உலகிலேயே முதலிடத்தில் இருந்த திராட்சை அது. ஆனால் ஒயின் நூல்களில் அதற்குக் கிடைக்கும் இடம் சில வரிகளே. வறட்சியைத் தாங்கி, பிராந்தி வடிப்பதற்குப் பெருமளவில் பயன்பட்டு, தலைமுறைகளுக்குச் சோறிட்ட கொடி அது. பெங்களூர் நீலத்தின் உண்மையான இணை அல்பாரிஞோ அன்று, ஐரேன்தான்.

பெங்களூருவுக்குச் சொந்தமாக வெள்ளை ஒயின் திராட்சை ஒன்று உண்டா? உண்டு, அதைச் சிலரே அறிவர். 1967-இல் நிறுவப்பட்ட இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஹெசரகட்டாவில் உருவாக்கிய கலப்பினங்களுள் ஒன்று அர்க்கா ஹன்ஸ். பெங்களூர் நீலத்தையும் அனாப்-இ-ஷாஹியையும் கலந்து பெற்ற, மஞ்சள் கலந்த பச்சை நிறக் கனி. ஒயினுக்கு ஏற்றதெனப் பரிந்துரைக்கப்பட்டது. அனாப்-இ-ஷாஹி என்பதற்கு 'அரசத் திராட்சை' என்று பொருள். 1890-ஆம் ஆண்டளவில் அப்துல் பாகர் கான் அதை ஹைதராபாத்துக்குக் கொண்டுவந்தார். ஆக, அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் பெயர் தாங்கிய கொடியும் பாரசீக மொழியில் அரசப் பட்டம் சூடிய கொடியும் ஹெசரகட்டாவில் மணந்து பெற்ற பிள்ளை, அன்னப்பறவையின் பெயரைப் பெற்றது. 'அர்க்கா' என்ற முன்னொட்டோ நந்தி மலையில் தோன்றி ஹெசரகட்டா ஏரியை நிரப்பிய அர்க்காவதி ஆற்றை நினைவூட்டுகிறது. எபேன் தற்செயலாகச் செய்ததை இங்கே அறிவியலாளர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள்.

ஆனால் சந்தை வேறு திசையில் நடந்தது. கலீசியா தன் பெயரை மாற்றிக்கொண்ட அதே 1988-இல், கன்வல் குரோவர் தொட்டபள்ளாபூர் அருகே, நந்தி மலை அடிவாரத்தில், குரோவர் திராட்சைத் தோட்டத்தை நிறுவினார். ஷாம்பெய்ன் பகுதியின் ஒயின் வல்லுநர் ஜார்ஜ் வெஸ்ஸெல் அவருக்குத் துணைநின்றார். நடப்பட்டவை பிரெஞ்சு வகைகள். 2007-இல் கர்நாடக அரசு திராட்சைப் பதப்படுத்தலுக்கும் ஒயினுக்குமான கொள்கையை வெளியிட்டு, ஒயின் வாரியத்தையும் அமைத்தது. இன்று நந்திப் பள்ளத்தாக்கு ஒரு ஒயின் பகுதியாக அறியப்படுகிறது. அதன் வெள்ளை ஒயின் புட்டிகளில் நாம் காணும் பெயர்கள் சாவிஞோன் பிளாங், வியோஞியே போன்றவை. அர்க்கா ஹன்ஸ் பரவலாகப் பயிராகவில்லை. ரைன் நதிக் கதையை வேறு வடிவில் நாமும் எழுதிக்கொண்டோம்: வெள்ளை ஒயினுக்கு அயல் குலம் வேண்டும்.

ஸ்பெயின் அந்தக் கதையிலிருந்து எப்படி வெளியேறியது என்பது நமக்குப் பயன்படும் பாடம். 1970-களில் வெர்தெஹோவும் கொதேயோவும் மறையும் நிலையில் இருந்தன. ருவேதாவில் மார்க்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் முதலீடு செய்து வெர்தெஹோவைப் புத்தம்புதிய வெள்ளை ஒயினாக வடித்தது. 1980-இல் ருவேதா சட்டப் பாதுகாப்புப் பெற்றது. வால்தெயோராஸில் எஞ்சியிருந்த கொதேயோக் கொடிகளைத் தேடித் திரட்டிப் பெருக்கும் திட்டம் நடந்தது. இரண்டிலும் பெயர் காக்கப்பட்டதற்கு முன்பே, அல்லது காக்கப்பட்டபோதே, கொடியும் நிலமும் ஒயின் நுட்பமும் காக்கப்பட்டன. பெயர் இவற்றுக்கெல்லாம் முத்திரையாக அமைந்தது.

பெங்களூர் நீலத்துக்குக் கிடைத்தது முத்திரை மட்டுமே என்பதுதான் கவலை. பன்னாட்டு விமான நிலையம் 2008-இல் தேவனஹள்ளியில் திறக்கப்பட்டது. அதைச் சூழ்ந்த கிராமங்கள் இப்பழத்தின் பழைய நிலம். நகரம் அத்திசையில் வளர்கிறது; மனைப்பிரிவுக்குக் கிடைக்கும் விலையைப் பந்தல் தர இயலாது. புவிசார் குறியீடு ஒரு பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும். அப்பெயருக்குரிய வயலை எவரும் விற்காமல் தடுக்காது. தன் பெயரைத் தந்த நகரே தன் நிலத்தை எடுத்துக்கொள்ளும் நிலையில் ஒரு திராட்சை நிற்கிறது. கலீசியக் கழிமுகம் தன் கொடிகளை விழுங்குவதில்லை, பெங்களூரு விழுங்குகிறது.

'இது அமெரிக்கக் கொடிதானே, நம்முடையது எப்படி ஆகும்?' என்று கேட்போர் உண்டு. மேலே பார்த்த வரலாறு அதற்கு விடை தருகிறது. பிறப்பைக் கொண்டு உரிமை கணித்தால், வெர்தெஹோவின் பெற்றோருள் ஒன்றான சவாஞன் ஸ்பானியக் கொடியே அன்று. மொஸ்கதெல் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதிக்குத் திரும்பவேண்டும். 'முந்திரி' என்ற சொல்லைத் தமிழ்நாடு யாழ்ப்பாணத்திடம் ஒப்படைக்கவேண்டும். கொடிக்கும் சொல்லுக்கும் பொதுவான ஓர் உண்மை இருக்கிறது: பயன்பாடே உரிமையைத் தருகிறது. ஒரு கடன்சொல் எப்போது நம் சொல் ஆகிறதோ, அதே முறையில்தான் இசபெல்லா பெங்களூர் நீலம் ஆயிற்று. அப்படியானால் பயன்பாடு நின்றால் உரிமையும் நின்றுவிடும். வழக்கொழிந்த சொல் அகராதியில் இருப்பதுபோல, பந்தலற்ற திராட்சை பதிவேட்டில் இருக்கும்.

மொழியியல், வரலாற்று மாணவர்கள் இதில் செய்யத்தக்க பணி ஒன்று உடனடியாக இருக்கிறது. கோலார், சிக்கபள்ளாபூர் வட்டாரத்தில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தோட்டத்தில் புழங்குகின்றன. கவாத்துக்கும் பந்தலுக்கும் நோய்க்கும் கனியின் பருவங்களுக்கும் அங்குள்ள உழவர்கள் வழங்கும் சொற்கள் மும்மொழிக் கலப்பின் அரிய களம். தோட்டக்கலைக் கையேடுகளில் அச்சொற்கள் ஆங்கிலமாகிவிட்டன. 1807-இல் சிமோன் தே ரோஹாஸ் கிளெமென்தே அந்தலூசியாவின் திராட்சை வகைகளை ஊர் ஊராகச் சென்று விவரித்து நூலாக்கினார். 71 ஆண்டுகளுக்குப் பின் ஃபிலாக்செரா வந்தபோது, அழிந்தது எது, எஞ்சியது எது என்று அறிய அந்நூல் இருந்தது. நந்தி மலையின் இருபுறத்துக் கிராமங்களுக்கு அத்தகைய நூல் தேவை. மரபணு ஆய்வுக்கூடம் கொடியின் பெற்றோரைச் சொல்லிவிடும். அந்தக் கொடியை நட்டவர்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்பதைச் சொல்ல, அவர்கள் தோட்டத்தில் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதுபவர் வேண்டும்.